ஆறடி நாலு இன்ச் பையனுக்காக பழைய பிக்கப் கேபினை விசாலமாக்கினேன்

எங்ககிட்ட இருக்கறது பழைய சிங்கிள் கேப் பிக்கப். ஒரே நீள பெஞ்ச் சீட்டு, கையால சுத்தி இறக்குற கண்ணாடி, பவர் ஸ்டியரிங் கிடையாது, ஏர்பேக் கிடையாது. நான் அஞ்சடி ஆறு, இத்தனை வருஷம் ஓட்டினதுல ஒரு நாள்கூட கேபின் சின்னதா இருக்கேன்னு தோணினதே இல்ல. பையன் வளந்து ஆறடி நாலு ஆயிட்டான், அதாவது 193 செ.மீ., லைசென்ஸ் எடுத்ததும் சாவியக் குடுத்தேன், ஒரு மணி நேரம் ஓட்டிட்டு வந்து எறங்கினவன் ஒண்ணுமே சொல்லல, அப்புறம் அரை டிராயரோட ஒக்காந்திருந்தப்பதான் கவனிச்சேன், கதவுப் பக்கத்து முட்டியோட வெளிப்புறத்துல பெரிய பட்டன் சைஸுக்கு செவந்த வட்டம். கண்ணாடி ஹேண்டிலோட குமிழ் அப்படியே அச்சா பதிஞ்சிருக்கு.

"என்னடா இது?"ன்னு கேட்டேன்.

"காலை வேற எங்கயும் வைக்க எடமில்லப்பா. பரவாயில்ல, பழகிரும்"னான்.

எனக்கு அது மனசுக்கு கேக்கல. முட்டி ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் நடுவுல சிக்கி இருக்கறவனுக்கு ஆக்ஸிலேட்டர்ல இருந்து பிரேக்குக்கு கால் மாத்த ஒரு கணம் கூடுதலா ஆகும், அந்த ஒரு கணத்துல வண்டி எவ்வளவு தூரம் போயிரும்னு ஓட்டுறவங்களுக்குத் தெரியும். மேல தலை இடிக்குதேன்னு கழுத்த மடக்கிட்டே ஓட்டுறான், அது வேற. அதனால இத சௌகரியத்துக்கான வேலையா நான் பாக்கல, பிரேக் ரிப்பேர் மாதிரி கட்டாயம் செஞ்சே ஆகணும்னு எடுத்துக்கிட்டேன்.

நெட்டையா இருக்கறவங்களுக்கு சீட்டப் பின்னால தள்ளிவிட்டா போதும்னுதான் நானும் நெனச்சேன். தள்ளிப் பாத்தோம், சீட்டு சறுக்குற ரெயில்ல ஏற்கனவே கடைசிப் பல்லுல நிக்குது. சரி, அதுக்கு மேல கையில ஸ்பேனர் எடுக்கறதுக்கு முன்னாடி அளவு எடுத்துரலாம்னு ஒரு சாயங்காலம் முழுக்க டேப்பு, சாக்பீஸு, அட்டையோட ஒக்காந்தோம். நான் இந்த வேலைல கத்துக்கிட்ட பெரிய விஷயம் அந்த சாயங்காலத்துலதான். உயரம்ங்கறது ஒரே நம்பர் இல்ல. சில பேருக்கு கால் நீளம், சில பேருக்கு இடுப்புக்கு மேல நீளம், ரெண்டு பேரும் ஆறடி நாலா இருந்தாலும் அவங்களுக்கு இடிக்கற எடம் வேற வேற, வைத்தியமும் வேற வேற.

அளந்த விதத்த சொல்றேன். கெட்டியான ஸ்டூல்ல சுவத்துல முதுகு ஒட்டி நிமுந்து ஒக்கார வெச்சு, தலைல ஒரு புத்தகத்த மட்டமா வெச்சு, ஸ்டூல்ல இருந்து புத்தகம் வரைக்கும் அளந்தா 99 செ.மீ. வண்டில சீட்டு மேல ஒரு பலகை போட்டு அது மேல 60 கிலோ வெயிட்ட ஏத்தி, அதாவது அவன் ஒக்காந்தா குஷன் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு அமுக்கி, பலகைல இருந்து கூரை துணி வரைக்கும் அளந்தா 96.5 செ.மீ. சாஞ்சு ஒக்காந்தா ஒரு 2 செ.மீ. குறையும்னு வெச்சாக்கூட தலை கூரையத் தொடுது. மேடு பள்ளத்துல குதிச்சா தலை போய் முட்டக் கூடாதுன்னா குறைஞ்சது 5 செ.மீ. சும்மா இருக்கணும். ஆக மேல எனக்கு 55 மி.மீ. வேணும்.

கால் விஷயத்துல நான் நெனச்சதுக்கு நேர் மாறா இருந்துச்சு. கிளட்ச்ச முழுசா மிதிச்சா அவன் காலுக்கு எந்தப் பிரச்சனையும் இல்ல. கால எடுத்து மேல வரும்போதுதான் முட்டி ஒசந்து ஸ்டியரிங் வளையத்தோட அடில இடிக்குது. நான் இத்தனை நாளா மிதிக்கற நிலைய மட்டும் பாத்து சீட்ட வெச்சுக்கறவன், நெட்டையானவங்களுக்கு பெடல் மேல வந்து நிக்கற நிலையத்தான் பாக்கணும்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. இடுப்பு 75 மி.மீ. பின்னால போனா முட்டி தப்பிக்குது. தொடைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவுல இன்னும் ஒரு 40 மி.மீ. கெடைச்சா நல்லது. இந்த மூணு நம்பரையும் கேபின் பின் சுவத்துல சாக்பீஸால பெருசா எழுதி வெச்சேன். 55, 75, 40.

ஒரே எடத்துல 75 கெடைக்காதுன்னு பாத்ததுமே தெரிஞ்சுது. பெஞ்ச்சோட முதுகுக்கும் கேபின் பின் சுவத்துக்கும் நடுவுல கீழ 60 மி.மீ., மேல வெறும் 30. அதுலயும் ஜாக்கி, வீல் ஸ்பேனர், பழைய சங்கிலின்னு திணிச்சு வெச்சிருந்தேன், அத்தனையும் வெளிய எடுத்து பின்னால டப்பாக்கு மாத்தினேன். இங்க ஒண்ணு சொல்லிரணும், ரொம்ப பழைய பிக்கப்புங்கள்ல சீட்டுக்குப் பின்னால கேபினுக்குள்ளயே பெட்ரோல் டேங்க் இருக்கும், 1970 வாக்குல வரைக்கும் வந்த நெறைய வண்டில அப்படித்தான். அப்படி இருந்தா அந்த டேங்க்க கழட்டி வண்டிய விட்டு தூரமா வைக்காம கேபினுக்குள்ள கிரைண்டரோ வெல்டிங்கோ பக்கத்துலகூட கொண்டு போகாதீங்க. காலி டேங்க்தானேன்னு நெனைக்கறது இன்னும் ஆபத்து, உள்ள நிக்கற ஆவிதான் வெடிக்கும். எங்களுக்கு டேங்க் வெளிய சேஸிஸ்ல இருக்கு, அதனால அந்தக் கவலை இல்ல.

சீட்டக் கழட்டறது நாலு போல்ட்டு வேலை, பத்து நிமிஷம்னு பையன்கிட்ட சொன்னேன். ரெண்டு நாள் ஆச்சு. ராத்திரி துரு எண்ணெய் அடிச்சு ஊற வெச்சு, காலைல மறுபடி அடிச்சு, மூணு கழண்டு வந்துச்சு, நாலாவது சுத்துது, சுத்துது, வரவே மாட்டேங்குது. அடில தரைத் தகரத்துல ஒட்டியிருந்த நட்டு வெல்டிங் விட்டுப் போயி போல்ட்டோட சேந்து சுத்துது. வண்டிக்கு அடில படுத்து வைஸ் கிரிப்பால நட்டப் புடிச்சாத்தான் முடிஞ்சுது.

சீட்டு வெளிய வந்ததும் ரப்பர் மேட்ட தூக்கினேன். அடில இருந்த சணல் விரிப்பு ஈரமா, கைல புழிஞ்சா தண்ணி வருது, பின் மூலைல தரை தகரம் உள்ளங்கை அகலத்துக்கு அப்பளம் மாதிரி உப்பியிருக்கு, ஸ்குரூ டிரைவரால தட்டினேன், உள்ள போயிருச்சு. தண்ணி எங்கிருந்து வருதுன்னு தெரியாம தகரம் ஒட்டறதுல பிரயோஜனம் இல்லன்னு பையன உள்ள ஒக்கார வெச்சு வெளிய இருந்து ஹோஸ் புடிச்சேன், பின் கண்ணாடி ரப்பரோட கீழ் மூலைல இருந்து கோடா எறங்குது. ரப்பர மாத்தினோம், துருப்பிடிச்ச தகரத்த வெட்டி எடுத்து 1.2 மி.மீ. தகடு வெச்சு வெல்ட் அடிச்சு, சுத்தி இருந்த லேசான துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவி, அது கறுத்ததும் பிரைமர், தகடு சேர்ற இடுக்க அடைக்கற சீம் சீலர், பெயிண்ட்டு. சீட்டு நிக்கப் போற தரை பலமா இல்லன்னா மேல என்ன செஞ்சும் வீண், அதனால இதுல அவசரப்படல, ஆனா இதப் பத்தி இதுக்கு மேல எழுத ஒண்ணுமில்ல.

இப்ப நான் பண்ண தப்பு. தலைக்கு எடம் வேணும், அதே சமயம் அவன் தொடை சீட்டுல படியவே இல்ல, முட்டிக்கு அடில ஒரு சாண் அந்தரத்துல நிக்குது, ரெண்டுக்கும் சேத்து சீட்டோட பின் பக்கத்த மட்டும் 25 மி.மீ. கீழ இறக்கினா இடுப்பு இறங்கும், தொடை படியும்னு யோசிச்சேன். யோசனை சரிதான். பின்னால இருந்த ரெண்டு ஸ்டாண்டையும் 25 குறைச்சு செஞ்சு மாட்டி சீட்ட வெச்சா, முதுகோட உச்சி போய் பின் கண்ணாடிக்குக் கீழ இருக்கற தகரத்துல டக்னு முட்டி நிக்குது, ஸ்டாண்டோட ஓட்டை தரையோட ஓட்டைக்கு நேரா வரவே மாட்டேங்குது. ஏன்னு பேப்பர்ல போட்டுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் நடுவுல 300 மி.மீ. தூரம், அதுல 25 இறக்கினா சீட்டு கிட்டத்தட்ட 5 டிகிரி சாயுது. 5 டிகிரி கேக்க சின்னதா இருக்கு, ஆனா 55 செ.மீ. ஒசரம் இருக்கற முதுகோட உச்சி அதுல 5 செ.மீ. பின்னால போயிருது, அங்க இருந்ததே 3 செ.மீ. ஒக்காந்திருக்கறவனோட தலை 7 செ.மீ. பின்னால போகும், கண்ணாடில சாஞ்சுக்கலாம் போல ஆயிரும். கீழ ஒரு இன்ச் தொட்டா மேல மூணு இன்ச் அசையும்ங்கறத சீட்டத் தொடறதுக்கு முன்னாடியே அட்டைல வெட்டி வெச்சுப் பாத்திருக்கணும்.

சாய்வு நல்லதுதான், முதுகு மட்டும் அதோட சேந்து போகக் கூடாது. எங்க பெஞ்ச்ல முதுகு தனி, அடி தனி, ரெண்டையும் ஓரத்துல ஒரு பிராக்கெட் கீல் மாதிரி இணைக்குது, முதுக முன்னால மடக்கி பின்னாடி சாமான் எடுக்கறதுக்காக அப்படி வெச்சிருக்காங்க. அந்த பிராக்கெட்ட 5 மி.மீ. தகடுல புதுசா வெட்டி, முதுகு 6 டிகிரி நிமுந்து நிக்கற மாதிரி ஓட்டைய மாத்திப் போட்டேன். முதல்ல அட்டைல வெட்டி, அப்புறம் பிளைவுட்ல, பையன ஒக்கார வெச்சுப் பாத்து "இன்னும் கொஞ்சம் சாயட்டும்ப்பா", "இப்ப போதும்"னு அவன் சொல்லச் சொல்ல குறிச்சு, கடைசியாத்தான் இரும்ப வெட்டினேன். அவன் உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாதே, அவன் சொல்றதுதான் எனக்கு அளவு.

நாலு ஸ்டாண்டையும் மறுபடி செஞ்சேன். முன் ரெண்டும் பழைய உயரம், பின் ரெண்டும் 25 கம்மி, எல்லாத்துலயும் மேல் ஓட்டை 35 மி.மீ. பின்னால. 35க்கு மேல போனா முதுகு சுவத்துல உரசுது. சில பேரு சீட்ட ஏத்தவும் சாய்க்கவும் போல்ட்டுக்கு அடில வாஷர் வாஷரா அடுக்கி வெக்கறத பாத்திருக்கேன், தயவு செஞ்சு அப்படி செய்யாதீங்க. இறுகி ஒட்டிப் புடிச்சிருக்கற போல்ட்டு இழுவையத் தாங்கும், அடுக்கின வாஷர் மேல நிக்கற போல்ட்டு இடிபடும்போது வளைஞ்சு வெட்டுப்படும். வளைச்சு செஞ்ச கெட்டி தகடோ, கனமான ஒரே துண்டு இரும்புக் கட்டையோதான் சரி. போல்ட்டு நாலும் எம் 10, 8.8 கிரேடு, எவ்வளவு இறுக்கறோம்னு அளந்து காட்டுற டார்க் ரெஞ்சால 45 நியூட்டன் மீட்டர். நட்டு விட்டுப்போன எடத்துல தரைக்கு அடில 75க்கு 75 சதுரமா 3 மி.மீ. தகடு குடுத்து அதுல நட்டு வெல்ட் பண்ணினேன், இழுவை ஒரே புள்ளில விழாம பரவணும்ங்கறதுக்காக.

இதுக்கு நடுவுல வீட்டுக்காரம்மா வந்து பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, "இத்தனையும் பின்னால போயிட்டா நீங்க எப்படி ஓட்டுவீங்க?" எனக்கு அது ஒறைக்கவே இல்ல அதுவரைக்கும். பெஞ்ச் சீட்டு, தள்ளினா மொத்தமா போகும். கடைசிப் பல்லு பின்னால போறப்ப முதல் பல்லும் சேந்து பின்னால போச்சுன்னா என் கால் கிளட்ச்ச முழுசா மிதிக்க எட்டாது. அதனால சறுக்குற ரெயிலையே மாத்த வேண்டியதாயிருச்சு. எங்களோடது 130 மி.மீ.தான் ஓடும், உடைச்சுப் போட்ட வேற ஒரு வண்டியோட பெஞ்ச்ல இருந்து 210 ஓடுற ரெயில் ஜோடி கெடைச்சுது. அத மாட்டும்போது ரெண்டு ரெயிலும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும், நான் கண்ணால பாத்து இறுக்கினேன், பாதி தூரம் வந்து சீட்டு சிக்கிக்கிச்சு. போல்ட்டத் தளத்தி மூலைக்கு மூலை குறுக்கா அளந்தா ரெண்டு பக்கமும் 4 மி.மீ. வித்தியாசம். அத சரி பண்ணி, போல்ட்டு தளர்வா இருக்கறப்பவே சீட்ட முழு தூரம் முன்னும் பின்னும் பத்து தடவ ஓட்டி, அதுவா எடம் புடிச்சதுக்கு அப்புறம் இறுக்கினேன். லாக் ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பல்லுல விழுதான்னு கட்டாயம் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் விழுந்து ஓடிட்டிருந்தா பிரேக் அடிக்கும்போது சீட்டு கோணலா முன்னால நழுவும்.

பின்னால போக வேண்டிய 75ல 35 போக இன்னும் 40 மி.மீ. மீதி. அது முதுகு குஷனுக்குள்ளயே இருந்துச்சு. அந்தக் காலத்து பெஞ்ச் முதுகு 17 செ.மீ. கனம், ஸ்பிரிங்கு, மேல சாக்கு, மேல ஃபோம், மேல ரெக்சின். ரெக்சின வெளிம்புல பன்னி மூக்கு வளையம் மாதிரி சின்ன சின்ன கம்பி வளையங்களால ஃபிரேமோட கட்டியிருக்காங்க, ஒவ்வொண்ணா வெட்டி எடுக்கணும், எண்ணினேன், அடி சீட்டுக்கும் முதுகுக்கும் சேத்து 94. ஃபோம வெட்ட கத்தி சரிப்படாது, இழுத்த பக்கமெல்லாம் பிஞ்சு வரும், ரொட்டி அறுக்குற எலக்ட்ரிக் கத்திதான் சரி, வெண்ணெய் மாதிரி போகும். மேல் பக்கத்த வெட்டாம அடிப்பக்கத்துல வெட்டுங்க, அப்பத்தான் மேல இருக்கற பழைய வளைவு அப்படியே இருக்கும், ரெக்சினும் சுருக்கமில்லாம ஒக்காரும். முதுகுல 40 எடுத்தேன். அடி சீட்டுல பேராசைல 35 எடுத்துட்டேன். அவன் ஒக்காந்து ஒரு நிமிஷம்கூட ஆகல, "அப்பா, ஸ்பிரிங் குத்துது"ன்னு எழுந்துட்டான். மெல்லிசான ஃபோம் மெத்துனு இருக்கக் கூடாது, அடி தொட்டுரும். 10 மி.மீ. கனத்துக்கு கெட்டியான, கையால அழுத்தினா லேசுல அமுங்காத ஃபோம் ஒரு அடுக்கு வாங்கி ஸ்பிரிங்குக்கு மேல புது சாக்கு போட்டு அது மேல ஒட்டினேன், ஆக மொத்தத்துல குறைஞ்சது 25. அமுங்கிப் போயிருந்த ரெண்டு ஸ்பிரிங்க கெட்டிக் கம்பியால பக்கத்துல இருக்கறதோட சேத்துக் கட்டினேன். முன் விளிம்புல மட்டும் 40 மி.மீ. நீளத்துக்கு ஒரு ஆப்பு மாதிரி ஃபோம் சேத்தேன், நீள தொடைக்கு அது குடுத்த நிம்மதி வேற எதுவும் குடுக்கலன்னு அவனே சொன்னான். ரெக்சின திரும்ப போடறதுக்கு முன்னாடி நல்லா வெயில்ல காய வெச்சா இளகி இழுத்த இழுப்புக்கு வரும்.

சீட் பெல்ட்டு. இத கடைசில எழுதலாம்னு நெனச்சேன், ஆனா சீட்டோடயே சேத்து படிக்கணும், அதான் இங்க. சீட்டு நகந்தா பெல்ட்டும் மாறும்ங்கறத நெறைய பேரு யோசிக்கறதே இல்ல. இடுப்புப் பெல்ட்டு தரைல இருக்கற போல்ட்டுல இருந்து முன்னோக்கி சாய்வா மேல ஏறி இடுப்பு எலும்பு மேல படியணும். அமெரிக்க விதில அந்தச் சாய்வு தரைமட்டத்துல இருந்து 30 டிகிரிக்கும் 75 டிகிரிக்கும் நடுவுல இருக்கணும்னு வெச்சிருக்காங்க. ரொம்ப படுத்தா பெல்ட்டு இடுப்பெலும்ப விட்டு வயித்துக்கு ஏறி ஆள் அடில வழுக்கிப் போயிருவான், ரொம்ப செங்குத்தா நின்னா முன்னால போற ஒடம்ப உடனே புடிக்காது. எங்களுக்கு முன்னாடி 62 டிகிரி இருந்துச்சு. இடுப்பு 75 பின்னால போயி 40க்கு மேல இறங்கினதும் அளந்தா 74க்கு மேல. விளிம்புல நிக்குது, எனக்கு அது ஒப்பல. பாடி வேலை நல்லா தெரிஞ்ச ஒருத்தர கூட்டிட்டு வந்து, போல்ட்டு எடத்த 60 மி.மீ. பின்னால தரைக்கு அடில ஓடுற குறுக்குச் சட்டத்தோட சேத்து கெட்டி தகடு வெச்சு மாத்தினோம், இப்ப 61. இந்த ஒரு வெல்டிங்க நான் தொடல, அனுபவம் இருக்கறவர் கைதான் அதுல இருக்கணும்னு நெனச்சேன். பெல்ட்டு போல்ட்டு 7/16 இன்ச், இன்ச்சுக்கு 20 புரி, மெட்ரிக் வண்டிகள்லகூட பெரும்பாலும் இதே புரிதான், கடைல கெடைச்ச ஏதோ ஒரு எம் 11, எம் 12 போல்ட்ட அதுல திணிக்காதீங்க. தோள் பெல்ட்டுக்கு, கதவுக்குப் பின்னால தூண்ல பெல்ட்டு நுழைஞ்சு வர்ற வளையம் அவன் தோளுக்கு சமமாவோ மேலயோ இருக்கணும், கீழ இருந்தா மோதும்போது பெல்ட்டு தோள கீழ அமுக்கி முதுகெலும்ப நெரிக்கும். முன்னாடி அவன் தோள் வளையத்துக்கு மேல ரெண்டு விரல் இருந்துச்சு, சீட்டு இறங்கினதுல இப்ப சமமா வந்துருச்சு. எனக்கு ரொம்ப மனசு லேசான எடம் அது.

ஸ்டியரிங்குக்கு வரேன். பழைய பெரிய வளையம், 425 மி.மீ. அத 380 ஆக்கினா கீழ் விளிம்பு 22 மி.மீ. மேல போயிரும். வளையம் சின்னதாச்சுன்னா திருப்ப பலம் அதிகம் வேணும், 425ஐ 380ஆல வகுத்தா கிட்டத்தட்ட 12 சதவீதம் கூடுதல், பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டில நிறுத்தும்போது அது கைல தெரியும், இதுக்கு கீழ போக வேணாம். கழட்டறதுக்கு முன்னாடி சக்கரத்த நேரா வெச்சு, தண்டுலயும் வளையத்துலயும் குறி போட்டுக்கிட்டு, புல்லர்ங்கற இழுக்கற கருவி போட்டுத்தான் இழுக்கணும், பின்னால இருந்து சுத்தியலால அடிச்சா தண்டுக்குள்ள இருக்கற பேரிங் போகும். ஏர்பேக் இருக்கற வண்டியா இருந்தா இந்தப் பகுதி உங்களுக்கு இல்ல, அந்த வளையத்த மாத்தவே மாத்தாதீங்க. அப்புறம் எங்க வண்டில டேஷ்போர்டுக்கும் ஸ்டியரிங் தண்டோட பிராக்கெட்டுக்கும் நடுவுல 12 மி.மீ. கட்டை ஒண்ணு இருந்துச்சு, அத எடுத்துட்டு 3 மி.மீ. தகடு போட்டேன், அங்க 9 ஏறினா வளையத்துகிட்ட 18 ஏறுது. கீழ ஜாயிண்ட்டு இறுகுதான்னு முழுசா ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பாத்தேன், இல்ல. 22ம் 18ம் 40. சாக்பீஸ் கணக்குல ஒண்ண அடிச்சேன். சீட்டு பின்னால போனதால கைக்கு எட்டுதான்னும் பாக்கணும், முதுகு சீட்ட விட்டு எழாம கைய நீட்டினா மணிக்கட்டு வளையத்தோட உச்சில படியணும், அவன் கை நீளம் அதுக்கு சரியா இருந்துச்சு. கை குட்டையா இருக்கறவங்களுக்கு வளையத்த கிட்ட கொண்டு வர அதுக்கு அடில ஹப் ஸ்பேஸர்ங்கற கட்டை தேவைப்படும்.

எல்லாத்துக்கும் காரணமா இருந்த அந்தக் கண்ணாடி ஹேண்டில். அது தண்டுல பல்லு பல்லா ஒக்காந்து, பின்னால குதிரை லாடம் மாதிரி ஒரு கிளிப் புடிச்சிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பழைய மெல்லிசு பருத்தித் துணி ஒரு நீள துண்ட ஹேண்டிலுக்கும் கதவு அட்டைக்கும் நடுவுல விட்டு, ரெண்டு முனையையும் புடிச்சு ஷூ பாலீஷ் போடற மாதிரி இடமும் வலமும் இழுக்கணும். ஒரு நாலு இழுவைல துணி கிளிப்போட முனைல மாட்டும், டிக்னு ஒரு சத்தம், கிளிப்பு எகிறிப் போகும், அதனால இன்னொரு கையால மேல ஒரு துணிய மூடிக்கோங்க, இல்லாட்டி சீட்டுக்கு அடில பூந்து தேடணும். கண்ணாடிய முழுசா ஏத்தின நிலைல குமிழ் முன்னால மேல் பக்கமா நிக்கற மாதிரி பல்ல தள்ளிப் போட்டு மாட்டினேன். முட்டி இருக்கற எடத்துல இப்ப வெறும் கதவு அட்டை. பத்து நிமிஷ வேலை, ஒரு காசு செலவில்ல. எங்க வண்டில சீட்டத் தொடறதுக்கு முன்னாடியே அன்னைக்கே இத செஞ்சிருக்கலாம், பையன் இன்னும் ரெண்டு மாசம் முட்டி செவக்க ஓட்டியிருக்க வேணாம்.

கூரைல கெடைச்சது கொஞ்சம்தான். தொங்கிப் போன கூரை அட்டைய எடுத்துட்டு தகரத்தோட ஒட்டி மெல்லிசான விரிப்பு போட்டதுல 12 மி.மீ. நடு லைட்ட பின் ஓரத்துக்கு மாத்தினேன், அவன் தலை உச்சிக்கு நேரா அதுதான் இருந்துச்சு. இடுப்பு இறங்கினதுல 20, ஃபோம்ல 25, கூரைல 12, மொத்தம் 57. உள்ளே இருக்கற பின்பார்வைக் கண்ணாடி முன்னாடி அவன் கண்ணுக்கு நேரா நின்னு ஒரு பக்கத்தையே மறைச்சுட்டு இருந்துச்சு, சிக்னல் பாக்க குனிய வேண்டியிருந்துச்சு, ரெண்டும் இப்ப தானாவே சரியாயிருச்சு.

தலைக்குப் பின்னால இருக்கற கண்ணாடி ஒண்ணுதான் என்னை உறுத்திட்டே இருந்துச்சு. பழைய பிக்கப்புல ஹெட்ரெஸ்ட் கெடையாது, அமெரிக்காலயே கார்களுக்கு 1969ல கட்டாயமாக்கினாங்க, லைட் டிரக்குகளுக்கு 1991 செப்டம்பர்லதான். பின்னால இருந்து யாராவது இடிச்சா தலை பின்னால போயி கண்ணாடில மோதும், சீட்ட பின்னால தள்ளின நமக்கு அந்தத் தூரம் இன்னும் குறைஞ்சிருக்கு. முதுகு ஃபிரேம்ல மேல் பைப்போட சேத்து ஹெட்ரெஸ்ட் கம்பி எறங்கற குழாய் ரெண்ட வெல்ட் பண்ணி, அவன் காது மட்டத்துக்கு மேல உச்சி வர்ற மாதிரி ஒசரமான ஹெட்ரெஸ்ட் மாட்டினோம். பக்கத்துல ஒக்கார்றவங்களுக்கும் ஒண்ணு. இதில்லாம சீட்ட பின்னால தள்ற வேலைய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எல்லாம் மாட்டி முடிச்ச அன்னைக்கு சாவியக் குடுத்துட்டு நான் பக்கத்துல ஒக்காந்தேன். ஒக்காந்தான், பெல்ட்டு போட்டான், கிளட்ச்ச மிதிச்சான், எடுத்தான், மறுபடி மிதிச்சான், எடுத்தான். முட்டிக்கும் வளையத்துக்கும் நடுவுல என் கை அகலம் சும்மா இருக்கு. ஒண்ணும் சொல்லாம கழுத்த ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தான், முழுசா நிமுந்து. ஒரு மணி நேரம் ஓட்டிட்டு வந்தோம், எறங்கினதும் நான் முதல்ல அவன் முட்டியத்தான் பாத்தேன்.

ரெயில் மேல ரெண்டு கோடு பெயிண்ட்ல போட்டிருக்கோம், மஞ்சள் அவனுக்கு, வெள்ளை எனக்கு, இருட்டுலயும் தெரியும். ஒரு வேலைதான் பாக்கி. அவன் ஓட்டும்போது பெஞ்ச் மொத்தமா பின்னால போறதால அந்தப் பக்கம் ஒக்கார்ற அவங்கம்மாவுக்கு கால் தரைல படிய மாட்டேங்குது, தொங்குது. அதுக்கு சாய்வா ஒரு கால் பலகை, தரை போல்ட்டுலயே பூட்டற மாதிரி, பிரேக் அடிச்சா நகராம, அட்டைல வெட்டி வெச்சுப் பாத்துட்டோம், ஞாயித்துக்கிழமை மரத்துல வெட்டணும்.